இருக்கை உறுதி

புதிய பதிப்பு தயார் என்று அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். எங்கள் அலுவலகத்து மடிக்கணினிகள் அத்தனையையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மேய்ப்பது என் பிழைப்பு. யார் கணினியில் எது பழசாகிவிட்டது, எதைப் புதுப்பிக்க வேண்டும், பேருந்தில் தவறவிட்ட கணினியை எப்படித் தூரத்திலிருந்தே பூட்டுவது என்பதெல்லாம் என் திரையில் இருக்கும். அதற்கான மென்பொருளை விற்கிறவர்கள் சும்மா இருந்தால் பிழைக்க முடியாது. அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை 'புதிய வசதிகள்' என்று நீளமாக ஒரு பக்கம் அனுப்புவார்கள். அதன் உச்சியில் நாலு பேர் ஒரு கணினியைச் சுற்றி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடத்தில் கணினியைப் பார்த்து அப்படிச் சிரித்த ஒருவரை நான் நேரில் கண்டதில்லை.

இந்தத் தடவையும் அதே பல்வரிசை. கீழே வசதிகள். பேட்டரி எப்போது சாகும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி. சரி, உருப்படியானது. யாரும் தொடாத செயலிகளைத் தானே நீக்கும் வசதி. போன பதிப்பில் இதே வசதி கணக்குப் பிரிவின் அச்சுப்பொறியை வேலை செய்யவிடாமல் ஆக்கி, நான் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நிர்வாகி, அதாவது நான், எழுதும் அறிவிப்பை எல்லோர் திரையிலும் முழுசாகக் காட்டும் வசதி. அதற்கும் கீழே, 'இருக்கை உறுதி'. பயனர் தன் சாதனத்தின் முன் இருப்பதை இடையூறின்றி உறுதிசெய்கிறது என்று ஒரே ஒரு வரி. ஆள் எழுந்து போனால் திரையைத் தானே பூட்டுகிற பழைய சமாச்சாரத்துக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெயர் மாற்றுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வரியை அப்படியே தாண்டிப் போனேன்.

புதிய பதிப்பை எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் போட்டுவிட மாட்டோம். முதலில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சோதனைக் குழு என்று பெயர். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், ஒவ்வொரு வகைக் கணினியும் இருக்க வேண்டும் என்று விதிமுறை சொல்லும். நடைமுறையில் எந்த நிர்வாகியும் அப்படிச் சேர்ப்பதில்லை. யார் சத்தம் போட மாட்டார்களோ அவர்களைத்தான் சேர்ப்போம். வேலைக்கு நடுவில் கணினி அணைந்து அணைந்து எரிந்தாலும் மேலாளருக்குக் கடிதம் எழுதாதவர்கள், 'பரவால்ல மேடம், நான் காத்திருக்கேன்' என்று சொல்கிறவர்கள். அலுவலகத்தில் பொறுமைக்குக் கிடைக்கிற பரிசு அதுதான்.

என் சோதனைக் குழுவில் முதல் ஆள் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் முப்பத்தைந்து வயதாகியும் எங்களுக்கு அவள் குட்டிதான். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிற எங்கள் கம்பெனியில், ஆஸ்பத்திரி பில்களைப் படித்துப் பிரித்துப் பதிவு செய்கிற வேலை அவளுக்கு. வேலை செய்கிற இடம் எங்கள் வீட்டின் உள்ளறை. அங்கே என் மாமியார் படுத்திருக்கிறார். கணினியில் ஏதாவது கோளாறு வந்தால் நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நாலு அடி நடந்தால் சரிசெய்துவிடலாம். இதைவிடத் தோதான சோதனை எலி யாருக்குக் கிடைக்கும்?

அத்தைக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை இருக்கிறது, காது இருக்கிறது, புத்தி அப்படியே தெளிவாக இருக்கிறது. அதுதான் கொடுமை. முன்பெல்லாம் வாசல் மணி அடித்தால் கண்ணாடியில் ஒருதரம் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டுதான் கதவைத் திறப்பார் அவர். அப்படிப்பட்டவரை இப்போது நாங்கள் புரட்டித் துடைத்து மாற்றிவிட வேண்டியிருக்கிறது. என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்க ஊர் ஊராகப் போகிறவர். காலையிலும் சாயங்காலமும் நானும் குட்டியும் சேர்ந்து செய்வோம், ஒற்றை ஆளாக அத்தையைப் புரட்டுவது கஷ்டம். பகலில் குட்டி தனியாகச் சமாளிப்பாள். எனக்கும் அத்தைக்கும் பெரிய ஒட்டுதல் என்று சொல்ல முடியாது. சண்டையும் கிடையாது. அவர் வீட்டுக்கு நான் வந்தேன், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து வேலை செய்ய குட்டிக்கு அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அனுமதி போனால் ஒன்று அவள் வேலையை விட வேண்டும், இல்லை அத்தையை யாரிடமாவது விட வேண்டும். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள் அவள். அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதில் அவள் யாரிடமும் ஒரு குறைச்சொல் கேட்டதில்லை.

புதிய பதிப்பைச் சோதனைக் குழுவுக்குப் போட்டேன். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, செய்கிறது. கடவுச்சொல் கேட்கிறதா, கேட்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை. என் திரையில் எல்லாம் பச்சை. இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

எல்லோருக்கும் போடுவதற்கு முன் பிரிவுத் தலைவர்களுக்கு விளக்கிக் காட்ட வேண்டும் என்று மேலாளர் ஒரு கூட்டம் வைத்தார். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சென்ட்டு. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்திருந்தார். தட்டு நிறைய பிஸ்கட். எல்லோரும் கடித்துக்கொண்டே சுவரில் விழுந்த படத்தைப் பார்த்தார்கள். பேட்டரி, செயலி, அறிவிப்பு எல்லாம் வேகமாக ஓடின. 'இருக்கை உறுதி' வந்ததும் விற்பனைக்காரர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இதுதான் இந்தப் பதிப்போட ஹைலைட். உங்க ஆளு வீட்டுல இருந்து வேலை பாக்கறாரு. பாக்கறாரா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? விசைப்பலகை கொஞ்ச நேரம் சும்மா இருந்தா போதும், கேமரா தானா ஒரு படம் எடுக்கும். முகம் இருந்தா பச்சை. இல்லன்னா சிவப்பு. நாள் முடிவுல ஒரு மதிப்பெண் வந்துரும்."

"இது என் திரையில வரலையே," என்றேன்.

"வராது மேடம். படம் எல்லாம் மேலாளர் பக்கத்துல மட்டும்தான் வரும். தனியுரிமை முக்கியம் இல்லையா?" என்றார் அவர்.

தனியுரிமை என்ற சொல்லை வாயில் போட்டு மென்றபடியே அவர் மேலாளரின் பக்கத்தைத் திறந்தார். சோதனைக் குழுவில் இருந்தவர்கள் கட்டம் கட்டமாக வந்தார்கள். பெயருக்குப் பதில் பணியாளர் எண்தான் இருந்தது. "உதாரணத்துக்கு, இருக்கறதுலயே கம்மி மதிப்பெண் யாருன்னு பாப்போம்," என்று ஒன்றைத் தட்டினார். கட்டம் விரிந்து சுவர் முழுக்கப் படங்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒரு கட்டில், ஏதோ ஒரு போர்வை. அப்புறம் அந்தப் போர்வையின் பூப்போட்ட ஓரத்தைப் பார்த்தேன். நான் வாங்கிய போர்வை. எங்கள் வீட்டு உள்ளறை. ஒரு படத்தில் குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள், பக்கத்தில் வாளி. அடுத்ததில் அத்தையின் கால்கள், துணியில்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து. அதற்கடுத்ததில் குட்டியின் கையில் பழைய துணி, அத்தையின் இடுப்பு. அடுத்ததில் அத்தை நேராக இந்தப் பக்கம் பார்க்கிறார், இடது கை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கியிருக்கிறது. கண் கூசி மறைக்கிறார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கோடு.

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று மெல்லச் சொன்னாள். யாரோ பிஸ்கட் கடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். விற்பனைக்காரர் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "பாருங்க, முகம் இருந்தாலும் பணியாளரோட முகம் இல்லைங்கறத எவ்ளோ சரியா பிடிச்சிருக்கு," என்றார். மேலாளர் தலையாட்டினார். "நல்லா வேலை செய்யுதே."

எழுந்து போய்ப் படம் காட்டுகிற கருவியின் வயரைப் பிடுங்கினேன். சுவர் வெள்ளையானது. வயரைத் தரையில் போட்டுவிட்டு வெளியே நடந்தேன்.

நடைபாதையில் மேலாளர் பின்னாலேயே வந்தார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வந்தது.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அது எங்க வீடு சார். அது என் மாமியார்."

அவர் முகம் ஒரு விநாடி மாறியது. மனிதர்தானே என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற யாரோடதையாவது தொறந்திருப்போம்."

"வேற யாரோடதையாவது."

"ஆமா. சங்கடமா போச்சு."

"அந்தப் படத்தையெல்லாம் அழிக்கணும் சார். இப்பவே."

"அழிக்கலாம், அழிக்கலாம். அதுக்கு முன்னாடி இதை வீட்டுல இருந்து வேலை பாக்கற எல்லாருக்கும் போட்டு விடுங்க. நாளைக்கு மத்தியானம் மேலிடத்துக்குக் காட்டணும்." குரலைத் தாழ்த்தினார். "உங்க நாத்தனார் பேரை மட்டும் விதிவிலக்குல வச்சிருங்க. நான் கண்டுக்கல. அவங்க பாட்டுக்கு வீட்டுல இருந்து பாக்கட்டும், அம்மாவையும் பாத்துக்கட்டும். இது நமக்குள்ள."

"போடலன்னா?"

"போடலன்னா அந்த மதிப்பெண்ணோட அவங்க அனுமதிய நான் எப்படி வச்சிருக்க முடியும்? வேலை நேரத்துல அவங்க நர்ஸ் வேலை பாக்கறது படத்துலயே இருக்கே. என் கையில என்ன இருக்கு மேடம், சிஸ்டம் சொல்லுது."

சிஸ்டத்தை மேய்க்கிறவளிடம் வந்து சிஸ்டம் சொல்லுது என்கிறார். அது எதையும் சொல்லாது. இவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லும். ஒரு நாள்கூட அன்றைய பில்களை முடிக்காமல் குட்டி கணினியை மூடியதில்லை. அதற்கு எந்தக் கட்டத்திலும் பச்சை கிடையாது. நாற்காலியில் ஒரு முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இவர்களுக்கு. முகத்தை அட்டையில் வெட்டி வைத்தால்கூட இவர்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

என் இடத்துக்கு வந்து முதல் காரியமாகச் சோதனைக் குழுவுக்கு அந்த வசதியை நிறுத்தினேன். அது என் கையில் இருந்தது. படங்களை அழிக்கப் பார்த்தேன். அது என் கையில் இல்லை. மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். ரொம்ப இனிமையான ஒரு பெண் குரல்.

"படத்தை நிர்வாகி அழிக்க முடியாது மேடம். அது ஒரு பாதுகாப்பு வசதி. நிர்வாகியே தப்பு பண்ணா என்ன செய்யறது?"

"எடுத்தது நீங்க. தப்பு நான் பண்ணிருவேனா?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கறேன் மேடம். வச்சிருக்கற காலம் முடிஞ்சதும் படம் தானா அழிஞ்சிரும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

ரிசீவரை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். அழுக்கு கையில் இல்லை என்று தெரிந்தும் கழுவினேன். அந்த மென்பொருளை எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது இந்தக் கைதான்.

அன்று பேருந்தில் வரும் வழியெல்லாம் குட்டியிடம் எப்படிச் சொல்வது என்றே ஓடியது. சொல்லாமல் விட்டால் என்ன என்றும் ஓடியது. மேலாளர் சொன்னபடி செய்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அனுமதி அப்படியே இருக்கும். இப்படிப் பூசி மெழுகுவதில்தான் அலுவலகங்களே நிற்கின்றன.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குட்டி உள்ளறையிலிருந்து வந்தாள். "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நீங்க பாக்கவே இல்லையே அண்ணி. அம்மா ரொம்ப நேரம் காத்துட்டு இருந்தாங்க."

"என்ன பாக்கல?"

"கேமராவுலதான். அந்தப் பச்சை லைட்டு எரியுமே." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நீங்கதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். வேலைக்கு நடுவுல அம்மாவ ஒரு பார்வை பாத்துக்கறீங்க. கேட்டா கூச்சப்படுவீங்கன்னு நான் கேக்கல. நான் எந்திரிச்சா கொஞ்ச நேரத்துல லைட்டு எரியுது, அதனால அம்மா பக்கம் நல்லா தெரியற மாதிரி திருப்பி வச்சுட்டுத்தான் எந்திரிக்கறேன். அண்ணி பாக்கறாங்கன்னு சொன்னா அம்மா கையத் தூக்கிக் காட்டுவாங்க. நீங்க பாத்திருப்பீங்களே."

பார்த்திருந்தேன். பிஸ்கட் சத்தத்துக்கு நடுவே, சுவர் அளவுக்குப் பெரிதாகப் பார்த்திருந்தேன். என்னைப் பார்த்துக் கை ஆட்டியிருக்கிறார் அத்தை. இத்தனை வருடத்தில் அவர் எனக்கென்று காட்டிய ஒரே பிரியம் அதுவாகத்தான் இருக்கும். அதையும் சிவப்புக் கோடு போட்டு எவனோ எவனுக்கோ விற்கப் பார்த்திருக்கிறான்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. குட்டியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அந்த விளக்கு நான் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். ஆனால் அத்தை கட்டிலைத் தட்டிக் கூப்பிடுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று சமையலறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருந்த கதவையே கழற்றி வைத்தவர்கள் நாங்கள். ஆத்திரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

குட்டி கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். நான் முடித்ததும், "எந்தப் படம் அண்ணி?" என்றாள்.

"துடைக்கறது. மாத்தறது. எல்லாம்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"ஆம்பளைங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. இரண்டு பேரும் ஓடினோம். அத்தை இடது கையால் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார். மார்பு வரை இருந்ததைக் கழுத்து வரை இழுத்தார். கழுத்திலிருந்து தாடை வரை இழுத்தார். அதற்கு மேல் வராததால் அதைப் பிடித்த பிடியில் அப்படியே கிடந்தார். அவர் கண்கள் மேசை மேலிருந்த கணினியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணோரத்திலிருந்து காதுக்கு நீர் ஓடியது. குட்டி போய்க் கணினியைப் பட்டென்று மூடினாள்.

மேலாளர் சொன்ன பேரத்தையும் அன்று அவளிடம் சொன்னேன். நான் எல்லோருக்கும் போட்டால் அவளுக்கு வீடும் வேலையும் நிலைக்கும், போடாவிட்டால் போய்விடும் என்று மறைக்காமல் சொன்னேன். அவள் அத்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க பாத்து செய்ங்க அண்ணி," என்றாள். போடு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். போடாதே என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருக்கலாம். நீங்க பாத்து செய்ங்க என்று மொத்தத்தையும் என் தலையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை என் திரையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட ஒரு பொத்தான் போதும். அந்த வீடுகளில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். கணினியைச் சரிசெய்கிற நேரத்தில் போனில் பின்னால் கேட்கும். ஒருவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகள் மாற்றி மாற்றி அழும். ஒரு பெண், கணவர் இரவு வேலை முடித்துத் தூங்குகிறார் என்று கிசுகிசுப்பாகவே பேசுவாள். ஒருவர் ஒற்றை அறையில் அப்பாவோடு இருக்கிறார், அப்பா இடைவிடாமல் இருமுவார். ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே 'சொல்லுங்க மேடம், கேக்கறேன்' என்பாள். விசைப்பலகை சும்மா இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்களில் யாரையாவது சுவரில் விரித்துவிட்டு 'வேற யாரோடதோ' என்று பிஸ்கட் கடிப்பார்கள்.

குட்டியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு இவர்களை உள்ளே தள்ள எனக்கு மனசு வரவில்லை. தியாகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அருவருப்பு, வேறொன்றுமில்லை. அந்தப் பொத்தானைத் தொடவே கூசியது.

அதற்குப் பதிலாக அறிவிப்பு எழுதினேன். எல்லோர் திரையிலும் முழுசாக வருகிற மாதிரி, சுற்றி வளைக்காமல். 'நிறுவனம் ஒரு புதிய வசதியைக் கொண்டுவர இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யாத நேரத்தில் அது உங்கள் கேமராவைத் திறந்து உங்கள் வீட்டைப் படம் எடுக்கும். உங்களைக் கேட்காது. படங்களை மேலாளர் பார்ப்பார். கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டப்படலாம். என் வீட்டுப் படங்கள் நேற்றுக் காட்டப்பட்டன.' கீழே நிர்வாகி என்று போட்டு அனுப்பினேன். இதுவும் இந்தப் பதிப்பின் வசதிதானே, பயன்படுத்தினேன்.

தேநீர் இடைவேளைக்குள் அலுவலகம் கொதித்தது. இருமல்காரரின் மகன் போன் செய்து என்னைத் திட்டினார், நான்தான் படம் எடுத்தேன் என்று நினைத்து. திட்டி முடித்துவிட்டு நன்றி சொன்னார். மேலாளர் வந்து என் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"உங்கள வேலைய விட்டுத் தூக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

"தூக்குங்க சார்."

தூக்கவில்லை. இத்தனை கணினிகளை நாளைக் காலை யார் மேய்ப்பது என்று யோசித்திருப்பார். விற்பனைக்காரரை வரவழைத்து அவர் கையாலேயே அந்த வசதியை எல்லோருக்கும் போட வைத்தார். அதற்குள் பாதிப் பேர் கேமராமேல் காகிதம் ஒட்டிவிட்டார்கள். காகிதம் ஒட்டியதைக் கண்டுபிடிக்கும் வசதி அடுத்த பதிப்பில் வருகிறதாம். விற்பனைக்காரர் போகும்போது என்னிடமே ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே குட்டியின் அனுமதி ரத்தானது. காரணம் என்ற இடத்தில் என் பெயரோ அறிவிப்போ இல்லை, மதிப்பெண் மட்டும் இருந்தது. எல்லாம் சட்டப்படி. திங்கட்கிழமை முதல் அலுவலகத்துக்கு வர வேண்டும், வர இயலாவிட்டால் விலகல் கடிதம் தர வேண்டும். குட்டி கடிதம் எழுத நாள் பார்க்கவில்லை, நான் வீட்டுக்கு வருவதற்குள் அனுப்பிவிட்டிருந்தாள். நான் செய்ததற்கு அவள் வேலை போனது, என் வேலை இருந்தது. கணினியைத் திரும்பப் பெற்று அழித்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுக்கிற பொறுப்பும் வழக்கம்போல என்னுடையதாகவே இருந்தது. மறுநாள் அதை என் பையில் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

"என் மேல கோவமா?" என்று குட்டியிடம் கேட்டேன்.

"இல்ல அண்ணி. வேற என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள். பிறகு, "கோவம் வந்தா சொல்றேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளறைக்குப் போனோம். மேசை காலியாக இருந்தது. குட்டி கட்டிலோரம் உட்கார்ந்து, "பாருங்கம்மா, இல்ல. எடுத்துட்டுப் போயாச்சு. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள். அத்தை மேசையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போர்வையைப் பிடித்த கையைத் தளர்த்தினார்.

நான் வாளியை வைத்துவிட்டு அவரைப் புரட்டுவதற்காக வழக்கம்போல அந்தப் பக்கம் போய் நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். அவர் கை மறுபடி போர்வையை எடுத்துத் தாடை வரை இழுத்துக்கொண்டது. குட்டி அதை விடுவிக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்ததில்லை.

"அத்தை, நான்தான்," என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றாள் குட்டி, என்னை நிமிர்ந்து பார்க்காமல். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் பாத்துக்கறேன்."

ஒற்றை ஆளாக அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வெளியே வந்தேன். சாத்துவதற்குக் கதவு இல்லாததால் சமையலறையின் மறு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். உள்ளே குட்டி மூச்சைப் பிடித்து அத்தையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. முதல் தடவை முடியவில்லை. மறுபடி தூக்கினாள்.